யார் பொருளில் யார் கல்வி?

ஆண்டுதோறும் நம் மலர்களில் தமிழின் தொன்மை பேசப்படுகிறது. தமிழ் கடல் கடந்து கற்பிக்கப்படுகிறது என்னும் பெருமிதமும் உடன் பேசப்படுகிறது. சிகாகோவில் தமிழ், பெர்க்கிலியில் தமிழ், பென்சில்வேனியாவில் தமிழ், ஹைடல்பர்க்கில் தமிழ் என்று ஊர்ப்பெயர்களை அடுக்கிக் கைதட்டல் பெறாத மேடை நம்மிடையே அரிது. அவ்வூர்களில் தமிழ் கற்பிக்க ஆன செலவை யார் கொடுத்தனர், எதன் பொருட்டுக் கொடுத்தனர், இனியும் கொடுப்பரோ என்னும் வினாக்களை மட்டும் நாம் எழுப்புவதில்லை. பெருமையை நாம் எடுத்துக்கொண்டோம். செலவுக் கணக்கைப் பிறர் வீட்டில் விட்டுவிட்டோம். அக்கணக்கைப் பார்க்க வேண்டிய காலம் இப்போது வந்துவிட்டது. பார்ப்பது இனிமையாக இராது. எனினும் பார்த்தே தீர வேண்டும்.

பிறர் பொருள் வந்த வழி

தெற்காசியவியல் என்று இன்று வழங்கும் துறை அமெரிக்காவில் வேரூன்றியது 1948இல். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வடமொழி அறிஞர் டபிள்யூ. நார்மன் பிரவுன் அதற்கென ஒரு துறையை அமைத்தார். ஆயினும் அத்துறைக்குப் பெரும்பொருள் வந்தது அறிவு வேட்கையால் அன்று, அச்சத்தால். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. மறு ஆண்டே, 1958இல், அமெரிக்கா ஒரு கல்விச் சட்டம் இயற்றியது. அதன் பெயரே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். அதன் ஆறாம் பிரிவின்படி, அந்நாட்டார் அதுவரை கல்லாத அயல்மொழிகளைக் கற்பிக்கும் மையங்களுக்கும், அம்மொழிகளைக் கற்கும் மாணவர்களுக்கும் அரசுப் பொருள் பாய்ந்தது. அவ்வாறு பயன்பெற்ற மொழிகளுள் தமிழும் ஒன்று.

1961இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் தோன்றியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கூடி அமைத்த அந்நிறுவனத்தின் வாயிலாக அந்நாட்டு மாணவர்கள் மதுரைக்கு வந்து தமிழ் பயின்றனர். பி.எல். 480 என்று நம் முந்தைய தலைமுறை நன்கறிந்த கோதுமைத் திட்டத்தில், நாம் உண்ட கோதுமைக்குரிய விலை ரூபாயாகவே இந்நாட்டில் குவிந்து கிடந்தது. அதன் மிச்சத்தைத் தீர்க்க 1974இல் அமெரிக்கத் தூதர் நம் அரசிடம் 1,664 கோடி ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார் என்றால் குவியலின் பருமனை ஊகித்துக்கொள்ளலாம். அந்த ரூபாயில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, 1962 முதல், அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தில்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம் ஊர்ப் பதிப்பகங்களில் ஐந்நூறு படியும் ஆயிரம் படியுமாக அச்சான நாவல்களும் சிற்றிதழ்களும் இவ்வாறு கப்பலேறின. இந்நாளில் தமிழ்ப் பழநூல் ஒன்றைத் தேடும் ஆய்வாளர், மாவட்ட நூலகத்தில் இல்லாததை விஸ்கான்சின் நூலகப் பட்டியலில் காண்பதன் காரணம் இதுவே.

இப்பொருளால் விளைந்த நன்மையை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். மைசூரில் பிறந்து, மதுரை முதலிய ஊர்களில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ.கே. இராமானுசன் ஃபுல்பிரைட் உதவி பெற்று 1959இல் அமெரிக்கா சென்றார். பின்னர்ச் சிகாகோவில் ஆசிரியரானார். அப்பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளிடையே உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு தம் கண்ணில் பட்டதையும், அது தம் வாழ்வைத் திருப்பியதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1967இல் வெளிவந்த அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்புக்குப் பின்னரே ஆங்கிலம் படிக்கும் உலகம் சங்கப் பாடல்களைக் கவிதையாகப் படிக்கத் தொடங்கியது. ஒரு பயண உதவியும் ஒரு நூலகமும் செய்த வேலை அது.

மற்றொன்றும் கூறுவோம். கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா தம் கைப்பொருளையெல்லாம் செலவிட்டுத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்புகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்தபோது அத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கிக் காத்தது சிகாகோப் பல்கலைக்கழகம். வாங்கியதைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைநிறுத்தும் பெருந்தன்மையும் அவர்களுக்கு இருந்தது. அத்தொகுப்பு சிதறும் நிலையில் இருந்தபோது நம் செல்வர்கள் எங்கிருந்தனர்? நம் சங்கங்கள் எங்கிருந்தன?

ஊற்று அடைபட்டது

2025இல் அந்த ஊற்றின் வாய் அடைபட்டது. அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் துறையில் அயல்மொழி மையங்களைக் கவனித்துவந்த அலுவலகத்தின் பணியாளர்கள் நீக்கப்பட்டனர். முனைவர்ப் பட்ட மாணவர்கள் வெளிநாடு சென்று ஆய்வு செய்ய உதவிய ஃபுல்பிரைட்-ஹேஸ் திட்டத்தின் அவ்வாண்டுப் போட்டி கைவிடப்பட்டது. மையங்களுக்கும் மொழி மாணவர்களுக்கும் தொடர்ந்து வரவேண்டிய ஆறாம் பிரிவு நிதியும் அவ்வாண்டு நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ அறுபத்தேழு ஆண்டுகள் ஓடிய நீர் ஒரே ஆண்டில் தடைபட்டது. அச்சத்தால் திறந்த கருவூலம் மனநிலை மாறியபோது மூடிக்கொண்டது; இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிறர் கருவூலத்தை நம்பிய கல்வி பிறர் கருத்துக்கு ஏற்பவே வாழும், மடியும்.

இச்செய்தி கேட்டு நம்மவர் கொண்ட நிலை இருவகைப்பட்டது. ஒரு சாரார், "அவர்கள் நம்மை ஆள்வதற்காக அன்றோ நம்மைப் படித்தார்கள், ஒழியட்டும்" என்று மகிழ்ந்தனர். மற்றொரு சாரார், "இன்னும் ஒரு தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டுவோம்" என்று எழுந்தனர். இவ்விரு சாராரையும் நாம் மறுக்கிறோம்.

முதற் சாராருக்கு நம் விடை சுருக்கமானது. கொடுத்தவன் நோக்கம் குறையுடையதாயினும் கற்றவன் கல்வி குறையுடையதாகிவிடாது. பாதுகாப்புச் சட்டத்தின் பொருளில் தமிழ் கற்க வந்த மாணவருள் எத்தனையோ பேர் படைத்துறைக்கா சென்றனர்? சங்க இலக்கியத்துக்கும் பக்தி இலக்கியத்துக்கும் தெருக்கூத்துக்கும் அன்றோ சென்றனர்? பிறர் படிப்பதைக் குறைகூறும் உரிமை, அதே பொருளைத் தாமே பொருள் செலவிட்டுப் படிக்க வைப்பவர்க்கே உண்டு. நாம் அவ்வாறு செய்யவில்லை.

இரண்டாம் சாராரின் ஆர்வத்தை மதிக்கிறோம். பெர்க்கிலியின் தமிழ் இருக்கையும் ஹார்வர்டின் தமிழ் இருக்கையும் தமிழ் மக்களின் கொடையால் எழுந்தவை. ஹார்வர்டுக்கென 60 இலட்சம் டாலர் திரட்டும் முயற்சி 2018இல் நிறைவேறியது. அதில் தமிழக அரசு 2017இல் அறிவித்த 10 கோடி ரூபாயும் அடங்கும். பள்ளிப் பிள்ளைகள் முதல் பணி ஓய்வு பெற்றோர் வரை காசு கொடுத்தனர். ஊர்கூடி இழுத்த தேர் அது. ஆயினும் இருக்கை என்பது ஆசிரியருக்கு உரியது. அவர் எதிரே உள்ள விசிப்பலகையில் அமர்பவர் யார்? அப்பலகையை நிரப்பியது மாணவர் உதவித்தொகை. அதுவே இப்போது நின்றது. கேட்க மாணவர் இல்லாத இருக்கைக்கு எத்துணை பொன் பூசினும் பயன் என்ன?

இன்னொரு உண்மையையும் மறத்தல் ஆகாது. அந்த ஆறாம் பிரிவு உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு நிலைத்த குடியுரிமை பெற்றோருக்கும் மட்டுமே உரியது. நெல்லையிலோ தருமபுரியிலோ தமிழ் முதுகலை படித்த பெண்ணுக்கு அது ஒருநாளும் கிட்டியதில்லை. அவர் அயலூர்ப் பெருமைகளைக் கேட்டுக் கைதட்டும் கூட்டத்தில்தான் இருந்தார்.

நம் மாணவர் நிலை

அப்பெண்ணின் நிலையை எண்ணிப் பார்ப்போம். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேர்ந்தால் 2023 சனவரி முதல் திங்களுக்கு 37,000 ரூபாய் உண்டு. நல்லதே. ஆனால் அவ்வாயிலில் நுழைவோர் சிலர். நுழையாதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர்ப் பட்டம் படித்தால் 8,000 ரூபாய். 2012இல் அறுதியிட்ட தொகை அது. 2015இல் அதையும் நிறுத்த எண்ணியபோது, மாணவர்கள் இதே தில்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் பல நாள் அமர்ந்து போராடித் தடுத்தனர். மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்க்கு அந்த எட்டாயிரமும் உரியதன்று.

செலவோ குறைந்தபாடில்லை. 2010ஆம் ஆண்டு விதிகள் கருத்தரங்கில் கட்டுரை படிக்கும் ஆசிரியருக்கு மதிப்பெண் வழங்கின. 2016ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டை அளிக்குமுன் இரு கருத்தரங்கக் கட்டுரைகள் படித்திருக்க வேண்டும் என்று மாணவரைப் பணித்தன. விளைவு என்ன? "பன்னாட்டுக் கருத்தரங்கம்" என்னும் பெயர்ப்பலகைகள் மழைக்காளான்போல் முளைத்தன. பதிவுக் கட்டணம், மலர்க் கட்டணம், சான்றிதழ். காலையில் விளக்கேற்றல், நண்பகலில் விருந்து, பிற்பகலில் ஒருவருக்கு ஐந்து நிமிடம். கட்டுரையைக் கேட்பார் இல்லை. குறை சொல்வாரும் இல்லை. 2022ஆம் ஆண்டு விதிகள் அக்கட்டாயத்தை நீக்கின. பழக்கம் மட்டும் நீங்கவில்லை. அறிவு வாங்கப் போன இடத்தில் மாணவர் சான்றிதழ் வாங்கித் திரும்புகின்றனர்.

மெய்யான கருத்தரங்குகளும் உலகில் இல்லாமல் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் 1970களின் தொடக்கம் முதல் கூடிவரும் ஆண்டுத் தெற்காசிய மாநாடு அத்தகையது. அங்கே முனைவர்ப் பட்ட மாணவரும் மூத்த பேராசிரியரும் ஒரே அமர்வில் கட்டுரை படிக்கின்றனர். ஆனால் அதன் கட்டணம் டாலரில். வானூர்திச் செலவு தனி. நுழைவு இசைவுக்கு வரிசை தனி. தெற்காசியாவைப் பற்றிப் பேசும் அவையில் தெற்காசியாவில் வாழும் மாணவருக்கு இடம் கிடைப்பது இத்துணை அரிதாக இருக்கிறது.

நம் நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. 2007இல் சார்க் நாடுகள் எட்டும் உடன்படிக்கை செய்து, 2010இல் தில்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கின. காபூலும் காத்மாண்டுவும் யாழ்ப்பாணமும் ஒரே வகுப்பில் அமரும் என்னும் கனவு உயர்ந்தது. ஆனால் 2022இல் அங்கே மாணவர்கள் தம் உதவித்தொகையை உயர்த்தக் கேட்டுப் போராடியபோது வளாகத்துக்குள் காவலர் வந்தனர். மாணவர் சிலர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. சார்க் தலைவர்கள் கடைசியாகக் கூடிய உச்சி மாநாடோ 2014இல் காத்மாண்டுவில் நடந்தது. அரசுகள் ஒன்றோடொன்று பேசாத காலத்தில் மாணவராவது பேசிக்கொள்ளட்டும் என்று எண்ணிய பல்கலைக்கழகத்தில், மாணவரின் உணவுச் செலவே வழக்காகிப் போனது.

அண்டை வீட்டார் மொழி

பொருளில்லாமையின் தீங்கு வறுமையோடு நிற்பதில்லை. அது அறிவின் வடிவத்தையே குறுக்கிவிடுகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆயினும் சிங்களம் கற்ற தமிழ் ஆய்வு மாணவரை இந்தியப் பல்கலைக்கழகங்களில் விளக்கேற்றித் தேட வேண்டியுள்ளது. இலங்கையைப் பற்றி நாம் பேசும் பேச்சோ ஓயாது. வங்கம் கற்ற தமிழ் மாணவர் எத்தனை பேர்? தமிழ் கற்ற வங்க மாணவர் எத்தனை பேர்? ஓர் அயல்மொழியைப் பழுதறக் கற்க ஈராண்டு வேண்டும். அந்த ஈராண்டும் மாணவர் உண்ண வேண்டும், உறங்க இடம் வேண்டும். அதற்குப் பொருள் கொடுப்பார் இல்லையாதலின், நம் தெற்காசிய ஆய்வுகளிற் பல ஆங்கில நூல்களைக் கொண்டே எழுதப்படுகின்றன. அண்டை வீட்டாரை அயலூரார் எழுதிய குறிப்பால் அறியும் நிலை இது.

நாம் செய்ய வேண்டியது

"இதற்கெல்லாம் அரசு இருக்கிறதே" என்பார் உளர். அரசைக் கேட்க வேண்டும். ஓயாமல் கேட்க வேண்டும். எட்டாயிரம் ரூபாயை உயர்த்துமாறு நம் சங்கங்கள் தீர்மானம் இயற்றியதுண்டா? அதையும் செய்வோம். ஆனால் அரசு வரும்வரை கைகட்டி இருப்பது நம் மரபன்று. 1964 சனவரியில் தில்லியில் கீழ்த்திசை அறிஞரின் 26ஆம் உலக மாநாடு கூடியபோது, தனிநாயக அடிகளும் சில அறிஞர்களும் ஒன்றுகூடி உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். அவர்கள் எண்ணிக்கையில் சிலரே. ஈராண்டில், 1966இல், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அந்த விதை விழுந்த மண் நாம் நாள்தோறும் மிதிக்கும் இந்நகரத்து மண். அதை மறந்து அரசாணைக்குக் காத்திருப்பது நமக்கு அழகாகுமா?

நாம் முன்வைப்பன நான்கே.

முதலாவது, அறிவிப்பு. உதவித்தொகைகளும் கருத்தரங்குகளும் மாணவருக்குத் தெரியாமலே காலங்கடக்கின்றன. அவற்றின் அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. வழிகாட்டப் பேராசிரியர் உள்ள பெருநகர்க் கல்லூரிக்கே அது எட்டுகிறது. திங்களுக்கு ஒருமுறை அவ்வறிவிப்புகளைத் தமிழில் தொகுத்து, இறுதி நாள், தகுதி, விண்ணப்பம் எழுதும் முறை ஆகியவற்றோடு, தமிழகத்துத் தமிழ்த்துறைகளுக்கும் வரலாற்றுத் துறைகளுக்கும் அனுப்புவது ஒரு சங்கத்துக்கு அரிய செயலன்று. நம்மிடையே பணி ஓய்வு பெற்ற உயர் அலுவலர் பலர் உளர். விண்ணப்பம் எழுதுவதில் அவர்களை விஞ்சுவார் யார்?

இரண்டாவது, பயணமும் தங்கலும். இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் பிஜிக்கும் கூலிகளாகச் சென்ற தமிழரைப் பற்றிய அரசுப் பதிவுகள் தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் உறங்குகின்றன. அவற்றைப் படிக்க வேண்டிய மாணவர் சென்னையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் இரயிலில் வரவேண்டும். வந்து ஒரு திங்களேனும் தங்க வேண்டும். இந்நகரில் ஒரு திங்கள் அறை வாடகை அவர் குடும்பத்தின் ஒரு திங்கள் வருவாயை விழுங்கும். இரண்டு அறைகளை ஆய்வு மாணவர்க்கென ஒதுக்குவோம். இரயில் கட்டணமும் உணவும் கொடுப்போம். மாணவர் ஒருவருக்கு 15,000 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு இருபது பேருக்கு 3 இலட்சம் ரூபாய் ஆகும். ஒரு விழாவின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் விருந்துக்கும் என்ன ஆகிறது என்பதை நம் பொருளாளர்கள் நன்கு அறிவர். அவர்கள் வாயால் நாம் அதைச் சொல்லவைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மொழி. ஆண்டுதோறும் அயல்மொழி கற்கும் தமிழ் மாணவர் ஒருவருக்கும், தமிழ் கற்கும் பிறமொழி மாணவர் ஒருவருக்கும் ஈராண்டு உதவித்தொகை நிறுவுவோம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் இரு மொழிகளுக்கு நடுவே வாழ்கிறோம். இப்பணிக்கு நம்மைவிடத் தகுதியுடையார் இல்லை.

நான்காவது, கட்டணமில்லாக் கருத்தரங்கு. ஆண்டுக்கு ஒன்று போதும். பத்து மாணவர் போதும். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம். கட்டுரையை முன்னரே படித்து வந்து குறை நிறை கூற மூத்த அறிஞர் ஒருவர். மாலை வேண்டா, சான்றிதழ் வேண்டா. கூர்ந்து கேட்கும் செவியே இளம் ஆய்வாளருக்கு நாம் அளிக்கும் சிறப்பு.

"சங்கம் நம் பண்பாட்டைக் காக்க ஏற்பட்டது, பல்கலைக்கழக வேலை நமக்கெதற்கு?" என்பார்க்கு ஒன்று சொல்வோம். நம் பிள்ளைகள் பொங்கல் விழாவில் ஆடுகின்றனர், பாடுகின்றனர், வீட்டுக்குச் சென்றால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தயங்குகின்றனர். ஓர் ஆய்வு மாணவர் சங்கத்தில் ஒரு திங்கள் தங்கி, ஞாயிறுதோறும் அப்பிள்ளைகளோடு பேசினால், தமிழ் மேடையில் மட்டும் வாழும் மொழியன்று என்பதை அவர்கள் கண்ணால் காண்பர். பண்பாட்டைக் காக்க இதனினும் நேரிய வழி உண்டோ?

"சலுகை புகுந்துவிடும், வேண்டியவர்க்கே பணம் போகும்" என்பார் அச்சம் பொருளற்றதன்று. அதற்கும் வழி உண்டு. விண்ணப்பக் கட்டுரைகளைப் பெயர் நீக்கிப் படிக்கட்டும். தேர்வாளர் மூவரில் இருவர் சங்கத்துக்கு வெளியே இருந்து வரட்டும். செயற்குழுவினரின் உறவினர் விண்ணப்பிக்கலாகாது என்று விதி செய்வோம். கொடுத்த தொகை முழுவதையும் கணக்காக அச்சிடுவோம். இவை செய்யப் பொருள் வேண்டா. மனம் மட்டும் வேண்டும்.

ஆதலின், வரும் பொதுக்குழுவில் இந்நான்கையும் தீர்மானமாக முன்மொழியுமாறு இம்மலரைக் கையிலேந்தும் அன்பர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம். நான்கும் இயலாதெனில் இரண்டாவதை மட்டுமேனும் இவ்வாண்டே தொடங்குவோம். அடுத்த மலரில் அந்த இருபது மாணவர் பெயரும், அவர்தம் ஊரும், ஆய்வுத் தலைப்பும், அவர்க்குக் கொடுத்த தொகையும் அச்சேறட்டும். அதற்கு ஒரு பக்கம் போதும். வாழ்த்துச் செய்திகளுள் ஒன்றைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.